முனி மரத்தடியில் கட்டாத பச்சை ரிப்பன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஓடும்போது ஒருதடவையாவது திரும்பிப் பார்க்காமல் பேச்சியம்மா பாலத்தைக் கடந்ததில்லை. பின்னால் வருவது யார், நேற்றும் அதே ஆள்தான் வந்தாரா, அவருக்கு இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் அவளுக்கு. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால் அந்த மீனை விட்டுவிட்டு, காட்டாத மீனைக் கேட்பாள். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்கக் காரணம் தேடுவாள்.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கல்யாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தாள். புருசன் சதீஸ் த்ரீவீல் ஓட்டுகிறான். பேச்சியம்மா பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசினில் இருக்கிறாள். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில் ஓட்டக்காரியாக வேண்டுமென்று அவள் நினைத்ததே இல்லை. அவளை ஓட வைத்ததும் சந்தேகம்தான்.

ஜனவரியில் தொழிற்சாலையில் ஓட்டப்போட்டி ஒன்று வைத்தார்கள். ஓடி முடிக்கிற எல்லாருக்கும் டீசேட், பகல் சாப்பாடு.

“சும்மா ஓடுறதுக்கு யாராச்சும் சோறு போடுவாங்களா?” என்று வீட்டில் வந்து சொன்னாள். “யாருக்குத் தெம்பு இருக்குன்னு பாத்து நைட் ஷிப்டுக்குப் போடத்தான் இந்த வேலை.”

“அப்ப ஓடாத.”

“ஓடலைன்னா நோஞ்சான்னு பேரு வெச்சி வேலையை விட்டு நிப்பாட்டுவாங்க.”

அதனால் நடுவிலே, யார் கண்ணிலும் படாமல் ஓடி முடிப்பது என்று தீர்மானித்துத்தான் போனாள். ஆனால் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் ஆள் இருப்பதை அவளால் தாங்க முடியாது. விலகி முன்னால் போனாள். அங்கேயும் பின்னால் ஒருவர். மறுபடி முன்னால் போனாள். இப்படியே போய் இரண்டாவதாக வந்து நின்றபோது அவளுக்கே பயமாகிவிட்டது.

போட்டியை நடத்திக் கொடுத்தது கண்டியில் உள்ள ஒரு ஓட்டக் கழகம். அதில் றஜிதா என்று ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் ஒரு வங்கியில் உத்தியோகம். அவள் வந்து பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்கள் எங்க ஓடிப் பழகினீங்கள்?”

“பஸ்ஸுக்குத்தான் மிஸ்.”

றஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள். “மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமையில எங்கட கழகத்துக்கு வாங்கோவன்.”

“இன்சூரன்ஸ் பிடிக்கிற பொம்பளையா இருக்கும்” என்று பேச்சியம்மா அன்று வீட்டில் சொன்னாள்.

“ஒன்னை இன்சூரன்ஸ் பண்ண யாருக்குடி பைத்தியம்?” என்றான் சதீஸ்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் போய்த் தூரத்தில் நின்று பார்த்தாள். யாரும் எதையும் விற்கவில்லை. ஓடினார்கள், வியர்த்தார்கள், வாழைப்பழம் தின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று பிடிபடாமலே அவளும் சேர்ந்தாள். றஜிதா தன்னுடைய பழைய ஓட்டச் சப்பாத்துகளைக் கொடுத்தபோது அவற்றைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, வெயிலில் காய வைத்து, அதன் பிறகும் சில நாள் கட்டிலுக்குக் கீழே விட்டு வைத்துத்தான் காலில் மாட்டினாள்.

விடியற்காலையில் பெண்சாதி வெளியே போக ஆரம்பித்ததும் சதீசுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் பாலத்துக்கு அப்பால் லைட் போடாத த்ரீவீல் ஒன்று பின்னாலேயே ஊர்ந்து வருவதைக் கண்ட பேச்சியம்மா நின்று, குனிந்து, ஒரு கல்லைக் கையில் எடுத்தாள்.

“எறியாதடி, நான்தான்!”

“ஏன் லைட்டு போடல?”

“நீ யாரைப் பாக்கப் போறன்னு பாக்க வந்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன். பைத்தியம் ஒண்ணு தனியா ஓடுது.”

அன்றிலிருந்து அவன் லைட்டைப் போட்டுக்கொண்டே பின்னால் வந்தான். நாய்கள் விலகின. அவள் ஓட, த்ரீவீல் பின்னால் போக, தேத்தண்ணீர்க் கடையில் நிற்பவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஏப்ரலில் கண்டிக் குளத்தைச் சுற்றி ஓடினாள். ஜூலையில் பேராதனை வீதியில் அதைவிட நீளமான ஓட்டம். வழியில் மேசை போட்டுக் கோப்பைகளில் தண்ணீர் வைத்திருப்பார்கள். பேச்சியம்மா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். முகம் தெரியாதவர்கள் திறந்து ஊற்றி வைத்த தண்ணீரைக் குடிக்க அவளுக்கு மனம் வராது. ஜூலை வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வர, கடைசித் தூரத்தை நடந்தே முடித்தாள். கழகத்தின் தலைவர் நவரட்ணராஜா, நீர்ப்பாசன இலாகாவில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற பெரிய மனுசன், அவளைக் கதிரையில் இருத்திவிட்டு ஏசினார்.

“பிள்ளை, உதுக்குள்ள நாங்கள் நஞ்சே கலந்து வைச்சிருக்கிறம்?”

பேச்சியம்மா மேசையிலிருந்த கோப்பைகளைத் திரும்பிப் பார்த்தாள். கலக்கவில்லை என்று அவர் இன்னும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் ஓட்டம் ஹுன்னஸ்கிரியவில் என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அவள் பிறந்த தோட்டத்து ரோட்டாலேயே போகிறார்கள். மலையைச் சுற்றி ஒரு பெரிய சுற்று. வழியில் மூன்று இடங்களில் கழகத்து ஆட்கள் நின்று ஓடுபவர்களின் மணிக்கட்டில் ரிப்பன் கட்டி விடுவார்கள். தேயிலை பெக்டரியடியில் மஞ்சள், முனி மரத்தடியில் பச்சை, மேல் பங்களாச் சந்தியில் சிவப்பு. மூன்றும் இருந்தால்தான் முழுச் சுற்றும் ஓடியதாகக் கணக்கு. தோட்டத்தில் குறுக்குப் பாதைகள் ஏராளம் என்பதால் இந்த ஏற்பாடு.

அன்று பேச்சியம்மாவின் கால்கள் தரையில் பட்டதாகவே அவளுக்கு ஞாபகமில்லை. எந்த வளைவில் மூச்சை இழுக்க வேண்டும், எந்த ஏற்றம் பார்ப்பதற்குத்தான் பெரியது என்பதெல்லாம் சின்ன வயதிலேயே காலுக்குத் தெரிந்த விசயம். பெண்களில் மூன்றாவதாக வந்தாள். நான்காவதாக வந்தது றஜிதா. யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். இன்னொருவர் அவள் கையைத் திருப்பிப் பார்த்து, பச்சை எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

மணிக்கட்டில் மஞ்சள் இருந்தது. சிவப்பு இருந்தது. பச்சை இல்லை.

முனி மரத்தடியில் நின்றவள் ஷிபானா. கட்டுகஸ்தோட்டையில் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் பிள்ளை, கழகத்துக்கு உதவிக்கு வருபவள். வான் வண்டியில் வந்து இறங்கியதும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“வல்லாஹி, சத்தியமா இவங்கள நான் காணவே இல்ல” என்றாள் ஷிபானா. “ஒரு நிமிசம்கூட எழும்பிப் போகல்ல. குடையப் புடிச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு இருந்தேன்.”

“குடை புடிச்சிக்கிட்டு நின்னதை நான் பாத்தேன்” என்றாள் பேச்சியம்மா. “வெள்ளைக் குடை. பக்கத்துல நீலக் கலர் ட்ரம். நான் முனிகிட்டதான் போனேன். பீலியில மொகம் கழுவி ரெண்டு கை தண்ணியும் குடிச்சேன். நீங்கதான் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டீங்க.”

“பீலியா? அங்க பீலியே இல்லயே! வெறும் மரமும் சூலமும்தானே இருக்கு?”

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய்யில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பது பேச்சியம்மாவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. பீலியே இல்லையென்று இந்தப் பிள்ளை வாய் கூசாமல் சொல்கிறாளே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மலைத் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலியில் குளித்து வளர்ந்தவள் அவள்.

அப்போது பார்த்து, தோட்டத்துக் கடையடியில் சதீசின் த்ரீவீல் நின்றதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். நின்றது உண்மைதான். பெண்சாதி ஓடுவதைப் பார்க்க வந்திருந்தான்.

நவரட்ணராஜா மெடலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மூன்றாம் இடத்துக் கப்பை இப்போதைக்கு றஜிதாவிடம் கொடுத்தார். “ரெண்டு கிழமையில கமிற்றி கூடும். குறுக்கால போனதெண்டு முடிவானால் டிசம்பர் ஓட்டத்தில உங்களுக்கு இடமில்லை. கழகத்திலயும் இல்லை. நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை, விளங்குதோ?”

டிசம்பர் ஓட்டம் அதே மலையை இரண்டுதரம் சுற்றுவது. அந்த வருடத்தின் பெரிய ஓட்டம். அதற்காகத்தான் அவள் எட்டு மாதமாக விடியலில் எழும்பினாள். ஆனால் இப்போது ஓட்டத்தை விடப் பெயர் பெரிதாகிவிட்டது. திங்கட்கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: “பேச்சி அக்கா மூணு சில்லுல ஓடினாங்களாம்ல?” மேசையே சிரித்தது. பிறந்த தோட்டத்திலேயே கள்ளியாகிவிட்டாள்.

யார் செய்தது என்று மெசினில் உட்கார்ந்தபடி யோசித்தாள். அவளை விலக்கினால் யாருக்கு லாபம்? மூன்றாம் இடத்துக் கப் இப்போது றஜிதாவின் கையில். ஷிபானா கழகத்துப் பிள்ளை. றஜிதா சொன்னால் கேட்பாள். பழைய சப்பாத்துக் கொடுத்ததும், அக்கா அக்கா என்று கூப்பிட்டதும், தன்னைக் கூட்டிக்கொண்டு போனதும் எல்லாம் வரிசையாக வந்து ஒன்றோடொன்று பொருந்தின. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் றஜிதா வீட்டுக்கே வந்துவிட்டாள். பேச்சியம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

“கப்பை எடுத்துட்டீங்க. இன்னும் என்ன மிஸ் வேணும்?”

“அந்தக் கப்பை நான் இன்னும் பையில இருந்து வெளியில எடுக்கேல்லை” என்றாள் றஜிதா. “ஒளிக்காமல் சொல்லுறன் அக்கா. எனக்கு உங்களில சந்தேகம் இருக்கு. நீங்கள் என்னை முந்தினது மேல, பங்களாவுக்குக் கிட்ட. அதுக்கு முதல் முனி மரத்தடியில நான் உங்களைக் காணேல்லை. எப்பிடி எண்டு யோசிச்சு எனக்கு நித்திரை இல்லை.”

பேச்சியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்துக்கு நேரே சந்தேகப்படுகிற ஆளை அவள் அதுவரை கண்டதில்லை. முதன்முறையாக றஜிதாவின் மேல் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“எனக்கும் ஒங்க மேல சந்தேகம்தான்.”

“அப்ப நல்லது. ஞாயிற்றுக்கிழமை மூண்டு பேரும் போவம். ஷிபானா நிண்ட இடத்தில நிக்கட்டும். நீங்கள் ஓடின மாதிரி ஓடுங்கோ. நான் பின்னால வாறன்.”

“எங்க அவரு த்ரீவீல்ல கூட்டிட்டுப் போவாரு.”

“ஐயோ வேண்டாம். த்ரீவீல் மட்டும் வேண்டாம்.”

உடுதும்பற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் இருந்து போனார்கள். ஷிபானா அதே வெள்ளைக் குடையைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் மனதில் நெருப்புத்தான். பொய் சொன்னவள் என்று அவளையும் சிலர் பேசியிருந்தார்கள்.

ஷிபானா முன்னால் நடந்து போய் முனி மரத்தடியில் நின்றாள். பெரிய அத்திமரம். அடியில் கறுப்புக் கல்லும், குங்குமம் அப்பிய சூலமும், கரி பிடித்த விளக்கும். அதற்கு முன்னால் ரோடு அகன்று வளைகிறது. வான் திருப்ப இடமும் நல்ல நிழலும் இருப்பதால் கழகத்தார் அங்கே மேசை போட்டிருந்தார்கள்.

பேச்சியம்மா பெக்டரியடியிலிருந்து ஓடினாள். பின்னால் றஜிதாவின் சப்பாத்துச் சத்தம். இன்றைக்குப் பொய்யை உடைக்காமல் விடுவதில்லை என்ற ஆங்காரத்தில் கால்கள் பறந்தன, பின்னால் வந்த சத்தம் கேட்காமல் போயிற்று. தூரத்தில் தேயிலைச் செடிகளுக்கு மேலாக வெள்ளைக் குடை மட்டும் தெரிந்தது. பீலிக்கு வந்தாள். அன்று போலவே குனிந்து முகம் கழுவினாள், இரண்டு கை தண்ணீர் குடித்தாள். மேலே ஏறி ரோட்டில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“இப்ப சொல்லுங்க! போனேனா, இல்லையா?”

ரோட்டில் ஒருவரும் இல்லை.

வளைவுக்கு அப்பாலிருந்து குரல்கள் கேட்டன. “பேச்சி அக்கா! பேச்சி அக்கோவ்!” ஷிபானாவின் குரலில் அழுகை ஏறியிருந்தது. “பின்னால வந்த நீங்க வந்திட்டீங்க, முன்னால ஓடின ஆள் எங்க?”

பேச்சியம்மா வளைவை நோக்கி நடந்தாள். மரத்தின் கிளைகள் தெரிந்தன. சூலத்தின் நுனி தெரிந்தது. அந்த இடத்தோடு அவள் கால்கள் நின்றுவிட்டன. நிறுத்தச் சொல்லி அவள் நினைக்கவில்லை, அவையாகவே நின்றன. அங்கிருந்து பார்த்தால், மரத்துக்கு முன்னால் இரண்டு பெண்களும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே பெக்டரிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி குடையும் கையுமாக எட்டி எட்டிப் பார்த்தாள். அவளைத்தான் தேடுகிறார்கள். அவள் வரவே மாட்டாத பக்கத்தில் தேடுகிறார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முனிக்குக் கொஞ்சம் முன்னால், மரத்தடியிலிருந்து தெரியாதபடி, ரோட்டோரத்தில் கல்படி இறங்குகிறது. இறங்கினால் பீலி. பீலியைத் தாண்டி ஒற்றையடிப் பாதை ஏறி, வளைவுக்கு அப்பால் ரோட்டில் சேருகிறது. அந்தத் தோட்டத்துப் பெண்கள் முனிக்கு முன்னால் நடப்பதில்லை. கொழுந்துக் கூடையோடு வந்தாலும், பள்ளிக்கூடப் பையோடு வந்தாலும், பிள்ளைத்தாய்ச்சியாக வந்தாலும் கீழ்ப்பாதைதான். அவளுக்கு முனியைக் கடப்பது என்றால் அது ஒன்றுதான். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவள் தன் காலைச் சந்தேகப்படவில்லை.

“இங்கருக்கேன்” என்றாள்.

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஷிபானா நெஞ்சில் கை வைத்தாள். “யா அல்லாஹ்! எங்கயால வந்தீங்க?”

பேச்சியம்மா கையால் கீழே காட்டினாள். றஜிதா ஓடிப்போய் ரோட்டோரக் கல்லுக்கட்டின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“ஏன் அங்கால போனீங்கள்?”

“பொம்பளைங்க முனிக்கு முன்னால போக மாட்டோம் மிஸ்.”

“ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லல. அப்படித்தான்.”

“அப்ப நான் பொய் சொல்லல்ல” என்றாள் ஷிபானா.

“நானும் சொல்லல.”

றஜிதா படியில் இறங்கிப் பீலி வழியாகச் சுற்றி ஏறி வந்தாள். வந்தபோது மூச்சு வாங்கியது, முகமும் சிவந்திருந்தது. “இது ரோட்டை விடக் கூடின தூரம். இறங்கி ஏறிப்போய், முகமும் கழுவிப்போட்டு, என்னை முந்தியிருக்கிறீங்கள். இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.”

திரும்பும் பஸ்ஸிலும் இடம் இருந்தது. ஆனாலும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

கமிட்டியில் நவரட்ணராஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முன்னால போனால் என்ன நடக்கும் பிள்ளை?”

“தெரியாது சேர். யாரும் போய்ப் பாக்கல.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி. நீங்கள் ஏமாத்தேல்லை. அதை எல்லாருக்கும் நானே சொல்லுவன். ஆனால் றிப்பன் இல்லாதபடியால் அந்தக் கப் றஜிதாவுக்குத்தான். டிசம்பரில ஓடுங்கோ. மேசையை மாத்தேலாது, வான் திரும்ப வேற இடம் இல்லை. கீழ்ப்பாதையால போய் வழி கூடினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. றிப்பன் கையில இருக்கவேணும். அதை எப்பிடி வாங்குறதெண்டது உங்கட பாடு.”

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே, உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார் என்று பேச்சியம்மா வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனாள்.

சதீஸ் அவனுக்குத் தெரிந்த வழியைச் சொன்னான். “கண்ணை மூடிக்கிட்டு முன்னால ஓடிரு. முனிக்கு ஒன்னை அடையாளமா தெரியப்போகுது? தொப்பி வேற போட்டிருப்ப.”

“பேரோடதான் நம்பர் குத்தியிருக்கு நெஞ்சுல.”

டிசம்பர் ஓட்டத்தன்று தூறல். மஞ்சள் ரிப்பன் கையில் ஏறியது. வளைவு நெருங்க நெருங்க அவள் ஓட்டம் மெதுவாகியது. முன்னால் ஓடிய றஜிதா ரோட்டோடு போய் மரத்தடியில் மறைந்தாள். கல்படி வந்தது. பேச்சியம்மா நின்றாள். நேரே போனால் ரிப்பன். பெயர். பத்து மாதத்து விடியல். கால் அசையவில்லை. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பின்னால் ஆள் வருவதை அவளால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. படியில் இறங்கிவிட்டாள்.

போயிற்று என்று நினைத்தாள். மேலே ஏறி வளைவில் நின்று கத்த வேண்டும். கத்தினால் யாருக்குக் கேட்கும், கேட்டாலும் யார் வருவார்கள், வந்தாலும் செல்லாது என்று ஒருவர் சொல்லுவார்.

“பேச்சி அக்கா! மேல பாருங்க!”

கல்லுக்கட்டின் விளிம்பில், நனைந்த புல்லில் முழங்காலைக் குத்தி, ஷிபானா குனிந்துகொண்டிருந்தாள். மேசையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வெள்ளைக் குடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவள் விரல்களிலிருந்து பச்சை ரிப்பன் தொங்கியது.

“கையத் தாங்க. கெதியா!”

பேச்சியம்மா நுனிக்காலில் எக்கிக் கையை நீட்டினாள். “இது செல்லுமா?”

“மேசைல குடுத்தாலும் இதே ரிப்பன்தான். அடுத்த ரவுண்டுக்கும் நான் இங்கதான். ரோட்டப் பாக்க மாட்டேன், பீலியத்தான் பாத்துட்டு இருப்பேன்.” முடிச்சைப் போட்டுவிட்டு மற்றக் கையால் ஒரு கோப்பைத் தண்ணீரையும் இறக்கினாள். “இதயும் குடிங்க.”

பேச்சியம்மா கோப்பையைப் பார்த்தாள். பக்கத்திலே பீலி கொட்டிக்கொண்டிருந்தது. கோப்பையை மோந்து பார்த்தாள். குடித்தாள். பிறகு முடிச்சைப் பல்லால் கடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

இரண்டாவது சுற்றிலும் ஷிபானா அங்கேயே இருந்தாள், பாவாடை முழுக்கச் சேறாக. பேச்சியம்மா முடிவுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. இந்த முறை றஜிதா முன்னால் வந்து, துவாயைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். நவரட்ணராஜா தானே வந்து பேச்சியம்மாவின் கையைத் திருப்பி, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு நிறமாகச் சொன்னார்.

“எல்லாம் சரி” என்றார் கடைசியில், மெடலை எடுத்தபடி.

பேச்சியம்மா கழுத்தை நீட்டவில்லை. கையை இன்னும் அவர் முன்னால் பிடித்தபடி நின்றாள்.

“இன்னொருக்கா பாருங்க சேர்.”